துண்டுக்குள் போட்ட ஓட்டு

தாமணிப்பட்டிக்காரர்கள் முட்டாள்கள் என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. நான் அப்படிச் சொல்வதில்லை. என் மனைவி பிறந்த ஊர் அது; என் வீட்டில் சமைப்பவளும் அவள்தான். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். சிரிப்பதானால் நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள், என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

ஊரில் ஆண்பிள்ளைகளில் பெரும்பாலோர் மாட்டுத் தரகர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊர்த் திடலில் மாட்டுச் சந்தை கூடும். மாட்டு விஷயத்தில் அவர்களை ஏமாற்ற இதுவரை ஒருவரும் பிறக்கவில்லை. ஒரு காளை கொட்டாவி விட்டால் போதும், அதன் வயசையும் குணத்தையும் அதை விற்க வந்தவனின் அவசரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். மற்ற விஷயங்களில் அவர்களை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம். யாரும் வராவிட்டால் அவர்களே பார்த்துச் செய்துகொள்வார்கள்.

அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்லும் வழக்கம் கிடையாது. வாங்குகிறவரும் விற்கிறவரும் கையை நீட்ட, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே ஒருவர் மற்றவரின் விரலைப் பிடிப்பார். பிடித்தது எத்தனை விரலோ அத்தனைதான் விலை. பதிலுக்கு அவர் இவருடைய விரலைப் பிடிப்பார். இப்படி உள்ளே பெரிய சண்டையே நடந்துகொண்டிருக்கும். வெளியே இரண்டு பேரும் மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் ஒருவர் மற்றவரின் கையை இறுக்கி மூடினால் பேரம் முடிந்தது. அதற்குப் பிறகு சாமியே இறங்கி வந்தாலும் மாற்ற முடியாது.

இந்த ஊரில் நாற்பத்தோரு பேர் சகல ஜனக் கட்சியின் உறுப்பினர்கள். கொள்கை என்ன என்று கேட்டுவிடாதீர்கள். உறுப்பினர் ஆனால் ஆளுக்கொரு பச்சைத் துண்டு கொடுத்தார்கள். தரகர்களுக்குத் துண்டு தேய்ந்துகொண்டே இருக்கும், அதனால் சேர்ந்துகொண்டார்கள். தரகர்களில் மூத்தவரான பொங்கியண்ணன் கிளைச் செயலாளர். பெண்களில் மயிலாத்தாள் ஒருத்திதான் உறுப்பினர். சந்தையில் புது மாடு வாங்குகிறவர்களுக்குக் கயிறும் சலங்கையும் விற்பவள் அவள். புருஷன் போனபிறகு அந்தக் கயிற்றுக் கடையை வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள்; மூன்றாமவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான், சந்தையை அங்கிருந்து தூக்கிப் பன்னிரண்டு மைல் தள்ளி டவுனில் வைக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. அடுத்து வரப்போகும் ஜில்லாத் தலைவர் போடும் கையெழுத்தில்தான் அது இருக்கிறது என்றார்கள். அந்த ஜில்லாவில் சகல ஜனக் கட்சி யாரை நிறுத்துகிறதோ அவர்தான் தலைவர். எதிர்க்கட்சி என்று ஒன்று இருந்தது. அதில் இருந்த ஒரே ஒருவரும் போன வருஷம் மகள் வீட்டோடு போய்விட்டார்.

யாரை நிறுத்துவது என்று கட்சியில் மூன்று பேருக்குள் போட்டி. உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று தலைமை முடிவு செய்து, ஊர் ஊருக்குக் கடிதம் அனுப்பியது. தாமணிப்பட்டிக்கு வந்த கடிதத்தைத் திடலில் கூட்டம் போட்டுப் படித்தார்கள். அதில் மூன்று கட்டளைகள் இருந்தன. வேட்பாளர்கள் உங்கள் ஊருக்கு வருவார்கள், நேரில் பார்த்து, தகுதியை நன்றாகச் சோதித்துக்கொள்ளுங்கள் என்றது முதலாவது. ஓட்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்றது இரண்டாவது. ஓட்டை யாரும் விலை பேசக் கூடாது என்றது மூன்றாவது.

"விலை பேசக் கூடாதாமா? என்ன மாமா இப்படிச் சொல்லிப்போட்டாங்க?" என்று நாச்சிமுத்து கேட்டான். பொங்கியண்ணனின் அக்காள் மகன் அவன். ஊரிலேயே சந்தேகம் கேட்கிறவன் அவன் ஒருவன்தான். அதனால் அவனுக்குக் கொஞ்சம் புத்தி மட்டு என்று ஊரில் அபிப்பிராயம்.

"நாம எந்தக் காலத்துல மாப்ள விலை பேசியிருக்கறோம்? வாயைத் திறந்தாத்தானே பேச்சு! துண்டுக்குள்ள வெரலைப் பிடிக்கறது பேச்சுல சேராது" என்றார் பொங்கியண்ணன்.

மூன்று கட்டளைகளுக்கும் ஊர் அட்சரம் பிசகாமல் கட்டுப்படும் என்று தீர்மானம் போட்டார்கள்.

முதலில் வந்தவர் வக்கீல் தேவசகாயம். மேடை ஏறி, ஜனநாயகம் என்றால் என்ன என்று ஆரம்பித்தார். சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? நாற்பது பேரும் மேடைக்கு ஒரு முழத் தூரம்வரை நெருங்கி வந்து, அண்ணாந்து, அவர் வாயையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார்கள் என்று நினைத்த வக்கீலுக்கு உற்சாகம் பிறந்து, இன்னும் ஒரு மணி நேரம் பேசினார். இவர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று, கடைவாய்ப் பல்வரை எண்ணிவிட்டார்கள்.

"மேல ரெண்டு, கட்டினது" என்றார் பொங்கியண்ணன் மெதுவாக.

"வயசை மறைக்கறாருங்களா?"

"மறைக்காம எதுக்கு மாப்ள தங்கத்துல கட்டறான்?"

அத்தோடு வக்கீலின் கதை முடிந்தது. கூட்டம் முடிந்து அவர் கைகூப்பியபோது, காங்கயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். தோல் சிலிர்க்கவில்லை. அதையும் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாவதாக வந்தவர் டவுன் அரிசி மில் முதலாளி பட்டாபிராமன். காரிலிருந்து இறங்கும்போதே நடை பிரமாதம்; முன்னங்கால் விழுந்த இடத்தில் பின்னங்கால் விழுகிற மாதிரி ஒரு சீர். கும்பிடுவதற்காகக் குல்லாவைக் கழற்றிக் குனிந்தார். உச்சியில் கோபுரம் மாதிரி ஒற்றைச் சுழி. கூட்டமே மூச்சை இழுத்தது. அப்படிப்பட்ட சுழி அமைந்த உருப்படி அந்தச் சந்தைக்குப் பத்து வருஷமாக வந்ததில்லை.

ஆனால் பட்டாபிராமன் ஒளிவு மறைவு இல்லாத மனிதர். "சந்தையை டவுனுக்குக் கொண்டுபோகத்தான் போகிறேன். என் மில்லுக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்துவிட்டேன். நாகரிகம் வளர வேண்டாமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவதாக வந்தவர் ரிட்டயரான வாத்தியார் சடையப்பன். சைக்கிளில் வந்தார். ஒல்லி உடம்பு, இடது கால் கொஞ்சம் சாய்ந்து விழும், தலையில் சுழி பார்க்க முடி கிடையாது. சந்தைக்கு வந்திருந்தால் யாரும் கயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் மேடையில் ஏறக்கூட இல்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டே, "சந்தை இங்கேயேதான் இருக்கும். நான் இருக்கிற வரைக்கும் யாரும் அசைக்க முடியாது. எழுதி வேண்டுமானாலும் தருகிறேன்" என்றார்.

மயிலாத்தாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இவருதானுங்கண்ணா நமக்கு வேணும்" என்றாள்.

"சத்தம் போடாதே அம்மிணி! வேணுமுங்கறதை உருப்படிக்கு முன்னாடியேவா சொல்லுவாங்க?" என்று பொங்கியண்ணன் அவள் வாயை அடைத்தார்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. வாங்க நினைக்கிற மாட்டை எந்தத் தரகனும் புகழ மாட்டான். புகழ்ந்தால் விலை ஏறும், பக்கத்து ஊர்க்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான். ஆகவே ஊர் கூடி வாத்தியாரைத் திட்டத் தொடங்கியது. "காலைப் பாரு, நாலு எட்டு நடந்தா படுத்துக்கும்" என்றார் ஒருவர். "தீனிக்கு ஆகும், வேலைக்கு ஆகாது" என்றார் இன்னொருவர். "அடிமாட்டுக்குக்கூட ஆரு கேப்பாங்க?" என்று மூன்றாமவர் காறித் துப்பினார். வாத்தியார் முப்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்தவர், எவ்வளவோ பார்த்திருக்கிறார். ஆனால் இந்தத் துப்பலில் அவர் முகம் வாடிப்போய்விட்டது. சைக்கிளில் ஏறக்கூட மறந்து தள்ளிக்கொண்டே போனார்.

அவர் தலை மறைந்ததும் ஊரே ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டது. இனி இந்த வாத்தியாரை வேறு எந்த ஊரும் சீந்தாது, நமக்கே நமக்கு என்றார்கள். அதோடு விடாமல், பட்டாபிராமனுக்கு ஒரு வண்டி ரோஜா மாலை அனுப்பிவைத்தார்கள். வேண்டாத மாட்டைத்தானே புகழ வேண்டும்?

ஓட்டுக்கு முந்தின நாள் மறுபடி கூட்டம். நாற்பத்தோரு ஓட்டும் வாத்தியாருக்கே என்று முடிவாயிற்று. பட்டியலில் பட்டாபிராமன் பெயர் ஒன்று, வக்கீல் இரண்டு, வாத்தியார் மூன்று.

"அப்ப நாளைக்கு மூணைப் பிடிச்சாச் சரிங்களா?" என்றான் நாச்சிமுத்து.

திடலில் எல்லோரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"எடுத்ததும் மூணைப் பிடிச்சீன்னா, மூணுதான் உனக்கு வேணும்னு அவனுக்குத் தெரிஞ்சு போகுமல்லோ?" என்றார் பொங்கியண்ணன்.

"தெரியட்டுமே மாமா. அதுதானே வேணும்?"

"இவன் எப்படித்தான் பொழைக்கப் போறானோ! எடுத்த எடுப்புல நெசத்தைப் பிடிக்கிறவன் தரகனா? முதல்ல ஒண்ணைப் பிடிக்கோணும். அவன் ரெண்டுன்னு வருவான். நாம மொகத்தைச் சுளிக்கோணும். அவன் மூணுக்கு வந்து கெஞ்சுவான். அப்பத்தான் வேண்டா வெறுப்பா கையை மூடோணும்."

எவ்வளவு எளிய விஷயம், இது கூடத் தெரியவில்லையே என்று ஊர் நாச்சிமுத்துவைப் பார்த்துச் சிரித்தது. அவனும் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

மறுநாள் காலையில் ஜீப்பில் வந்து இறங்கினார் கட்சியின் தேர்தல் அதிகாரி சபாபதி. ஒரு தகரப் பெட்டி, ஒரு கட்டுக் காகிதம், நூல் கட்டிய பென்சில்.

"இது என்னங்க?" என்றார் பொங்கியண்ணன்.

"வாக்குச் சீட்டு. வேண்டிய பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டு, மடித்துப் பெட்டியில் போட வேண்டும்."

"பெட்டியை என்னங்க பண்ணுவீங்க?"

"சாயங்காலம் திறந்து எண்ணுவோம்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பொங்கியண்ணன் இரண்டு எட்டு முன்னால் வந்தார். "தெறந்து பாப்பீங்களா?"

"பார்க்காமல் எப்படி ஐயா எண்ணுவது?"

"அப்பறம் அதுல ரகசியம் எங்கீங்க இருக்குது? நீங்களே பாக்கறீங்க. பக்கத்துல இருக்கறவன் பாக்கறான். காத்து அடிச்சா காயிதம் பறந்து ஊரே பாக்கும். எங்களுக்கு ரகசியம்னா என்னன்னு தெரியுமுங்க. உங்க கடுதாசியிலேயே போட்டிருக்குது." பொங்கியண்ணன் தன் பச்சைத் துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். "கையைக் குடுங்க."

சபாபதி முக்கால் மணி நேரம் வாதாடிப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கே அவர் இன்னும் நான்கு ஊர் போக வேண்டும். கட்சியின் விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். துண்டு கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"சரி. ஒன்று என்றால் பட்டாபிராமன், இரண்டு என்றால் வக்கீல், மூன்று என்றால் வாத்தியார். அப்படித்தானே?"

"அதேதானுங்க" என்றார்கள் நாற்பது பேரும் ஒரே குரலில்.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை நீட்ட, மேலே துண்டு விழுந்தது. முதல் ஆளாகப் பொங்கியண்ணன் உள்ளே கையை விட்டு, அதிகாரியின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் பிடித்தார். பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். "உங்க பக்கம் மழை எப்படீங்க?"

"பரவாயில்லை" என்று சொன்ன அதிகாரி, இடது கையால் நோட்டில் ஒரு கோடு போட்டு, "அடுத்தவர்" என்றார்.

பொங்கியண்ணன் அசையவில்லை. பதில் பிடிக்காக உள்ளே விரலை விரித்து வைத்துக் காத்திருந்தார். அதிகாரி மறுபடியும் "அடுத்தவர்" என்றதும் கையை எடுத்துக்கொண்டு ஓரமாக வந்தார்.

"என்ன மாமா, ரெண்டுன்னு வந்தானா?"

"இல்ல மாப்ள. தொழிலுக்குப் புதுசாட்ட இருக்குது. முதல் சுத்துல எல்லாத்து விலையும் கேட்டுக்கிட்டு, ரெண்டாம் சுத்துலதான் பேரத்துக்கு வருவானாட்டம்."

"நான் மட்டும் மூணைப் பிடிச்சுப் பாக்கட்டுங்களா?"

"பிடிச்சு எல்லாத்தையும் கெடுத்துராதே!"

ஒவ்வொருவராகப் போய் ஒரே ஒரு விரலைப் பிடித்தார்கள். பழைய தரகர் ஒருவர் இன்னும் கெட்டிக்காரத்தனமாகச் சுண்டு விரலின் பாதியை மட்டும் பிடித்தார். அதிகாரி அதையும் ஒன்று என்றே எழுதிக்கொண்டார். நாச்சிமுத்துவும் மாமன் பேச்சைத் தட்டாமல் ஒன்றைத்தான் பிடித்தான்.

கடைசியாக மயிலாத்தாள் வந்தாள். துண்டைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள். "முன்ன பின்ன தெரியாத ஆம்பளை துண்டுக்குள்ள நான் கைய விடறதா? நல்லா இருக்குதே நாயம்!" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலிருந்தே உரக்கக் கத்தினாள். "மூணுங்கோ! எனக்கு வாத்தியார்தானுங்க வேணும்!"

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். "ரகசியம் கெட்டுவிட்டது அம்மா. இந்த ஓட்டுச் செல்லாது."

ஊரும் அவள் மேல் பாய்ந்தது. "குட்டை இப்படிப் போட்டு உடைச்சிட்டயே! இனி அவன் மூணுக்கு மேலதானே ஆரம்பிப்பான்!" என்று பொங்கியண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். பாவம், மயிலாத்தாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள்.

அதிகாரி நோட்டை மூடினார், பெட்டியைத் தூக்கினார், ஜீப்பில் ஏறினார். ஜீப் கிளம்பியது.

"போறானுங்களே மாமா!" என்று நாச்சிமுத்து பதறினான்.

"போவட்டும். வாங்க நினைக்கறவன் எவனும் முதல்ல இப்படித்தான் போவான். கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி வருவான். நாம அவனைப் பாக்கக் கூடாது. பாத்தா அவசரம்னு தெரிஞ்சு போகும்."

நாற்பது பேரும் சாலைக்கு முதுகைக் காட்டித் திடலில் உட்கார்ந்தார்கள். மத்தியானம் ஆயிற்று. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது; எல்லோரும் இன்னும் விறைப்பாக உட்கார்ந்தார்கள். அது எரு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி. மறுநாளும் அப்படியே உட்கார்ந்தார்கள். சாப்பாட்டைக்கூடப் பெண்டுகள் முன்பக்கமாகச் சுற்றிவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் ஒரு ஆள் பின்னால் நின்று தமுக்கு அடித்தான். முதுகைத் திருப்பாமலேயே கேட்டார்கள். மற்ற ஊர்களிலெல்லாம் எண்ணி முடித்தபோது வாத்தியார் சடையப்பன் முப்பத்தோரு ஓட்டு முன்னால் இருந்தார். தாமணிப்பட்டியின் நாற்பது ஓட்டும் அப்படியே பட்டாபிராமனுக்கு விழுந்ததால், ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் பட்டாபிராமனே வேட்பாளர். எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் அவரே ஜில்லாத் தலைவர்.

அப்போதுதான் நாற்பது பேரும் திரும்பிச் சாலையைப் பார்த்தார்கள்.

"ஒரே பிடியில முடிச்சுட்டானே! அவன் தரகனே இல்ல!" என்றார் பாதி விரல் பிடித்த பழைய தரகர். அவர் குரலில் அருவருப்பு இருந்தது.

மயிலாத்தாள் கயிற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "பன்னெண்டு மைலுக்கு இந்தக் கட்டைத் தூக்கிக்கிட்டு நான் எப்படிண்ணா போவேன்? என்ற பொண்ணைப் பாக்க வர்றவன் கடை எங்கீன்னு கேட்டா நான் எதைக் காட்டுவேன்?"

பொங்கியண்ணனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் முட்டாளாக இருக்கலாம், கல் நெஞ்சக்காரர் இல்லை. அன்றைக்கு அவர் சோற்றில் கை வைக்கவில்லை என்று என் மனைவியே சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் இருக்கிறதில் புதுத் துண்டாக ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"அழுவாதே அம்மிணி. இன்னும் கையெழுத்து ஆகல. நேரா பட்டாபிராமன்கிட்டயே போறேன். துண்டைப் போட்டுச் சந்தையைத் திருப்பிக் கொண்டாறேன்" என்றார்.

நாச்சிமுத்துவும் கூட வந்தான். வழியில் அவன் கேட்டான்: "எத்தனைன்னு ஆரம்பிக்கப் போறீங்க மாமா?"

"நேத்துப் பூரா அதைத்தான் ரோசிச்சேன். ஓட்டுல நாம கொறைச்சு ஆரம்பிச்சோம், அதுதான் மோசம் போயிட்டோம். இந்தத் தடவை ஏத்தி ஆரம்பிக்கோணும்."

"சந்தை இங்கயே இருக்கட்டும்னு நேராச் சொன்னா ஆகாதுங்களா?"

"அதைத் துண்டுக்குள்ள எப்படிப் பிடிப்பே? ஒண்ணுமே வேண்டாமுங்கறதுக்கு வெரலே கெடையாது. கேளு. அவர் பன்னெண்டு மைலுங்கறார். நாம இருபத்தி நாலுன்னு பிடிக்கோணும். அவர் மொதலாளி, கேட்டதைக் கேட்டபடி கொடுக்க மாட்டார், கொறைப்பார். இருபதும்பார். நாம மொகத்தைச் சுளிச்சா பதினஞ்சும்பார். கொறைக்க ஆரம்பிச்ச கை நிக்காது மாப்ள. பன்னெண்டு, எட்டு, மூணுன்னு எறங்கி எறங்கி, சந்தை நடந்தே வந்து நம்ம திடல்ல நின்னுக்கும்."

நாச்சிமுத்துவுக்கு இதில் ஏதோ இடித்தது. ஆனால் போன தடவை அவன் சந்தேகப்பட்டதற்கு ஊரே சிரித்தது ஞாபகம் வந்ததால் பேசாமல் நடந்தான்.

பட்டாபிராமன் மில்லின் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது ஓட்டும் ஒரு வண்டி மாலையும் கொடுத்த ஊர்க்காரர்கள் என்று தெரிந்ததும் எழுந்து வந்து வரவேற்றார். மோர் வரவழைத்தார். "சந்தை விஷயமாக இன்றைக்குத்தான் கையெழுத்துப் போடப்போகிறேன். பன்னிரண்டு மைல் என்று முடிவாகிவிட்டது. அதைப் பற்றி உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

"வாயால எதுவும் இல்லீங்க" என்று சொல்லிப் பொங்கியண்ணன் துண்டை விரித்தார்.

அரிசி வியாபாரத்திலும் துண்டு உண்டு. பட்டாபிராமன் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் கொடுத்தார். பொங்கியண்ணன் உள்ளே பத்து விரலையும் இரண்டு தடவை பிடித்தார், பிறகு நான்கு பிடித்தார். பிடித்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "இந்த வருஷம் மழை கொறைச்சலுங்க."

பட்டாபிராமனின் புருவம் உயர்ந்தது. "இருபத்து நாலு மைலா? உங்களுக்குச் சம்மதமா?"

பொங்கியண்ணன் பதில் சொல்லவில்லை. பேரத்தின் நடுவில் விலையைப் பற்றி வாயைத் திறப்பது தொழிலுக்கு அவமானம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சரியாக இருபத்து நாலாவது மைலில் கல்லாங்காடு என்ற இடத்தில் பட்டாபிராமனுக்கு நாற்பது ஏக்கர் பாறை இருந்தது. அதில் என்ன விதைத்தாலும் முளைத்ததில்லை. விற்கப் பார்த்தார், ஓசியில் கொடுக்கக்கூடப் பார்த்தார், நடக்கவில்லை. அங்கே ஒரு சந்தையை நடலாம் என்று அந்த நிமிஷம்வரை அவருக்குத் தோன்றியதே இல்லை. அவர் பொங்கியண்ணனின் கையை இரண்டு கையாலும் இறுக்கி மூடினார்.

"முடிந்தது!" என்றார்.

பொங்கியண்ணன் அப்படியே நின்றார். நாச்சிமுத்து மாமன் முகத்தையே பார்த்தான். அந்த முகம் முதலில் வெளுத்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஒரு வெளிச்சம் வந்தது. கடைசியில் அது பூரித்துப் போய்விட்டது. முப்பத்தைந்து வருஷத் தொழிலில், முதல் பிடியில் அவர் கேட்ட விலையை ஒருவரும் கொடுத்ததில்லை.

திரும்பும் வழியெல்லாம் அவர் துண்டைத் தோளில் போடவில்லை, கொடி மாதிரிப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஊர் எல்லையிலேயே கூட்டம் காத்திருந்தது. முன்னால் மயிலாத்தாள்.

"சந்தை என்னாச்சுங்கண்ணா?"

"இருபத்தி நாலு!" என்று பொங்கியண்ணன் கூவினார்.

மயிலாத்தாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "இருபத்தி நாலு மைலா? அய்யோ, நான் என்ன பண்ணுவேன்!"

"என்ன அம்மிணி இப்படிக் கேக்கறே? அவர் கொடுக்க வந்தது பன்னெண்டு. நான் வாங்கியாந்தது இருபத்தி நாலு. நேருக்கு நேர் ரெண்டு பங்கு! ஒரே பிடி! ஒரு வெரல் கொறைக்கல! இந்த ஜில்லாவுல எவனாவது இப்படி ஒரு பேரம் முடிச்சிருக்கானான்னு கேட்டுப் பாரு!"

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு பழைய தரகர் முன்னால் வந்து பொங்கியண்ணனின் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேளத்துக்கு ஆள் போயிற்று. யாரோ அவர் கழுத்தில் மாலை போட்டார்கள். நாச்சிமுத்து மட்டும், "அதுக்கில்லீங்க, சந்தை..." என்று ஆரம்பித்தான். "நீ சந்தையைப் பாக்காதே, பேரத்தைப் பாரு" என்று நாலு பேர் அவனை அடக்கினார்கள்.

மயிலாத்தாள் அழுகையை நிறுத்தியிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். அவளும் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே.

"ஏனுங்கண்ணா, அதுக்கு மேல கேக்கலீங்களா?"

பொங்கியண்ணனின் முகம் லேசாகச் சுருங்கியது. "கேக்கோணும்னுதான் அம்மிணி இருந்தேன். அதுக்குள்ள கையை மூடிப்போட்டாரு."

"கூடப் போன நாச்சிமுத்து சும்மாதானே நின்னுக்கிட்டிருந்தான்?" என்றாள் மயிலாத்தாள். "அந்தப் பக்கம் அவனையும் ஒரு துண்டைப் போடச் சொல்லியிருந்தா, நாப்பத்தெட்டா முடிஞ்சிருக்குமே!"

மேளம் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது யாருக்குமே தோன்றவில்லை. பொங்கியண்ணன் கழுத்திலிருந்த மாலையை மெதுவாகக் கழற்றிக் கீழே வைத்தார். கைக்கு எட்டிய நாற்பத்தெட்டு இப்படி நழுவிப் போயிற்றே என்ற வருத்தத்தில், அன்றைக்குத் தாமணிப்பட்டியில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை.